உப்புக்காற்றில் டிரெய்லர் ஒயரிங்: ஒட்டுப்போடுவதா, புதிதாக இழுப்பதா, விளக்கையே கழற்றி மாட்டுவதா?

பொலேரோவின் பின்னால் 14 அடி நீளப் பயண டிரெய்லரைக் கோத்துக்கொண்டு தங்கச்சிமடத்திலிருந்து மண்டபம் நோக்கி வந்த ஒரு மாலையில், பாம்பன் சாலைப் பாலத்தின் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபோது, எரியக் கூடாத டேஷ்போர்டு விளக்குகள் மங்கலாக எரிந்தன. பாலத்தைக் கடந்து ஓரங்கட்டியதும் மச்சான் இறங்கிப் பின்னால் போய் நின்று, "பிரேக்க மிதிங்க மச்சான்... பிரேக் லைட்டு செத்துக்கெடக்கு, இண்டிகேட்டர்தான் லேசா முழிக்குது" என்று குரல் கொடுத்தார்.

ஒயரிங் போட்டு மூன்று ஆண்டுகூட ஆகவில்லை என்பதால் முதலில் பல்பையும் ஃபியூஸையும் சந்தேகித்தோம். இரண்டும் நன்றாகவே இருந்தன. கேரவன் என்றாலே நம் ஊரில் நடிகர்கள் உடை மாற்றும் வண்டிதான் நினைவுக்கு வருகிறது என்பதால், இழுத்துச் செல்லும் வகை டிரெய்லருக்கென்று கைதேர்ந்த ஒருவரை இந்தக் கடற்கரையில் தேடிப் பிடிப்பது எளிதன்று. டிராக்டருக்கும் லாரிக்கும் வேலை பார்க்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன்களே இதையும் பார்க்கிறார்கள். அவர்களிடம் வண்டியை விடும் முன், எந்த வேலையைச் செய்யச் சொல்லப்போகிறோம் என்பதை உரிமையாளரே முடிவுசெய்தாக வேண்டும். எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன: பழுதான இடத்தை மட்டும் கண்டுபிடித்துச் சரிசெய்வது; டிரெய்லரின் பழைய ஒயர் முழுவதையும் உருவிவிட்டுப் புதிதாக இழுப்பது; நிலையான பின்விளக்குகளைக் கைவிட்டு, பயணத்தின்போது மட்டும் மாட்டிக் கழற்றும் விளக்குப் பலகை ஒன்றை வாங்குவது.

மதுரையிலோ கோவையிலோ இந்தக் கேள்விக்கு முதல் வழியே போதுமான விடையாக இருக்கக்கூடும். இங்கே அப்படியில்லை. தனுஷ்கோடிச் சாலையில் ஒரு பக்கம் அமைதியான பெண்கடலும் மறுபக்கம் கொந்தளிக்கும் ஆண்கடலும் இருக்க, ஆனி ஆடியில் கச்சான் எனும் தென்மேற்குக் காற்றும் ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்றுமாக மாறி மாறி உப்பைக் கொண்டுவந்து அப்புகின்றன. இரவு வெளியில் நின்ற டிரெய்லரின் பிளக்கைக் காலையில் விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதால், மழையே பெய்யாத மாதத்திலும் ஒவ்வோர் இணைப்பின் மீதும் மின்சாரம் கடத்தும் மெல்லிய ஈரப்படலம் நின்றுகொண்டே இருக்கிறது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அரிமான (உலோக அரிப்பு) ஆய்வுக்கான தன் நிலையத்தை மண்டபத்தில் வைத்திருப்பதும், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் தேவைப்பட்டதும் இந்தக் காற்றின் காரணமாகத்தான். பாலத்துக்கே அந்தக் கவனம் தேவைப்படும் இடத்தில், இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒரு ஜாயிண்ட்டிடம் நாம் எத்தனை ஆண்டை எதிர்பார்க்கலாம்?

வழிகளை ஒப்பிடும் முன், வண்டியின் மின்சாரத்தை டிரெய்லருக்குக் கொண்டுசெல்லும் ஏழு பின் (ஏழு முனை) பிளக்கின் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. டிராக்டர் டிரெய்லர்களில் பார்த்துப் பழகிய அதே வட்ட வடிவ 12 வோல்ட் பிளக்கில், பன்னாட்டுத் தர முறைப்படி, 1 இடது இண்டிகேட்டர், 2 பின் மூடுபனி விளக்கு, 3 எர்த், 4 வலது இண்டிகேட்டர், 5 வலது பார்க் லைட், 6 பிரேக், 7 இடது பார்க் லைட். ஒயரின் நிறங்களும் அதே வரிசையில் மஞ்சள், நீலம், வெள்ளை, பச்சை, பழுப்பு, சிவப்பு, கறுப்பு என்று வகுக்கப்பட்டுள்ளன. ஆனால் பட்டறையில் அன்றைக்குக் கையில் எந்த நிறச் சுருள் இருந்ததோ அதுதான் வண்டியில் ஏறியிருக்கும் என்பதால், நிறத்தை நம்பாமல் பின்னின் அருகே அச்சிட்டிருக்கும் எண்ணையே நம்ப வேண்டும். அமெரிக்க முறையில் பிரேக்கும் இண்டிகேட்டரும் ஒரே பல்பில் எரியும். நம் வண்டிகளில் இண்டிகேட்டர் தனி அம்பர் விளக்கு. ஆகவே இணையத்தில் பார்த்த அமெரிக்க ஒயரிங் படத்தை அப்படியே இங்கே போட்டால் வேலைக்கு ஆகாது.

இந்த ஏழில் ஆறு ஒயர்களும் தத்தம் விளக்குக்கு மட்டுமே பொறுப்பு. மூன்றாம் எண்ணோ எல்லா விளக்குக்கும் திரும்பும் வழி. இரவில் இடப்புறம் திரும்பிக்கொண்டே பிரேக் மிதித்தால், 21 வாட் பிரேக் பல்புகள் இரண்டு, 21 வாட் இண்டிகேட்டர் ஒன்று, 5 வாட் பார்க் லைட் இரண்டு என 73 வாட், அதாவது சுமார் 6 ஆம்பியர், அந்த ஒரே ஒயரில் திரும்பி வருகிறது. அந்த வழி அடைபட்டால் மின்சாரம் சும்மா நிற்பதில்லை. பிரேக் பல்பில் நுழைந்தது, பக்கத்து இழை வழியாகப் பின்னோக்கி ஏறி, அணைந்திருக்கும் பார்க் லைட் ஒயரிலோ இண்டிகேட்டர் ஒயரிலோ புகுந்து, வண்டியின் டேஷ்போர்டு விளக்கு வழியாக எர்த்தைத் தேடிக்கொள்கிறது. ஒன்றை மிதித்தால் இன்னொன்று எரிவது, பார்க் லைட் போட்டதும் இண்டிகேட்டர் வேகம் மாறுவது போன்ற பேய்த்தனங்கள் எல்லாம் பெரும்பாலும் எர்த் கோளாற்றின் முகங்களே. டிரெய்லரைக் கோக்கும் பந்து இரும்புதானே, அதன் வழியே எர்த் வந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. கிரீஸ் பூசிய, ஆடிக்கொண்டே இருக்கும் பந்தை மின் இணைப்பாக எண்ணுவது சரியன்று.

சோதனையை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் வேலை பாதியாகிவிடும். டிரெய்லர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஹோல்டரில் மாட்டிய ஒரு 21 வாட் பல்பின் ஒரு முனையை வண்டியின் சாக்கெட்டில் 3-இலும், மறுமுனையை மற்ற எண்களில் ஒவ்வொன்றாகவும் வைத்து, உள்ளே ஒருவரை அந்தந்த விளக்கைப் போடச் சொன்னால், வண்டியில் பழுதா டிரெய்லரில் பழுதா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இங்கே மல்டிமீட்டர் ஏமாற்றும். மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகமிகச் சிறியது என்பதால், முப்பது இழையில் ஒரே ஓர் இழை மட்டும் மிஞ்சியிருக்கும் ஒயரிலும் அது 12.4 வோல்ட் என்று காட்டும். அந்த ஒயரில் பல்பை மாட்டினால் மங்கலாகத்தான் எரியும்.

மீட்டரை அதற்குரிய வேலைக்கு, அதாவது சுமையுள்ள நிலையில் வோல்ட் இழப்பை அளப்பதற்குப் பயன்படுத்த வேண்டும். வண்டி பேட்டரியின் நெகடிவிலிருந்து ஒரு நீண்ட ஒயரைப் பின்னுக்குக் கொண்டுவந்து மீட்டரின் கறுப்புக் கம்பியில் சேர்த்து, சிவப்புக் கம்பியைப் பின்விளக்கு ஹோல்டரின் எர்த்தில் வைத்து, பிரேக்கை மிதிக்கச் சொல்லி அளந்தோம். நல்ல ஒயரிங்கில் 0.2 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டிய அளவு 3.2 காட்டியது. மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே இழை பல்பின் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் போய்விடும். எங்களுக்கு மின்னழுத்தமே கால் பங்குக்கு மேல் போயிருந்தது. அதே நீண்ட ஒயரை ஹோல்டரின் எர்த்தில் நேரடியாகத் தொட்டவுடன் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

உச்சிப்புளியில் நாங்கள் காட்டிய எலக்ட்ரீஷியன் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "பாடி எர்த்துதாண்ணே. எல்லா எர்த்தையும் ஒத்தப் போல்ட்டுல குமிச்சு வச்சிருக்காய்ங்க. லக்க மாத்திவிட்டா சரியாப் போயிரும்" என்றார். அவர் கழற்றிக் காட்டிய போல்ட்டில் மூன்று நிறங்கள் இருந்தன: போல்ட்டின் முலாமாக இருந்த துத்தநாகத்திலிருந்து வெள்ளைப் பொடி, சேசிஸிலிருந்து செந்துரு, ஒயர் முனையில் கடித்து மாட்டும் செம்பு லக்கிலிருந்து பச்சைக் களிம்பு. லக்கின் அடியில் சேசிஸ் பெயிண்ட் சுரண்டப்படாமலே இருந்தது. இத்தனை நாளும் எங்கள் விளக்குகளின் மின்சாரமெல்லாம் போல்ட்டின் மரை வழியாகவே திரும்பி வந்திருக்கிறது.

முதல் வழியின் கவர்ச்சி இதுதான். பழுது கண்முன் இருக்கிறது, ஒரு லக், ஒரு போல்ட், அரை மணி நேரக் கூலியோடு தீர்ந்துவிடும் போலத் தோன்றுகிறது. தீருமா தீராதா என்பதை அறிய ஒரே சோதனைதான் உண்டு. லக்கை வெட்டி எறிந்துவிட்டு ஒயரைச் சீவிப் பார்க்க வேண்டும். செம்பு இழைகள் பளபளவென்று சிவந்திருந்தால் ஒட்டுப்போடலாம். எங்கள் ஒயரை நான்கு விரற்கடை வெட்டியபோது இழைகள் கறுத்திருந்தன; இன்னும் நான்கு விரற்கடை வெட்டியும் கறுப்பு போகவில்லை. பல இழைகளை முறுக்கிய ஒயர் விளக்குத் திரியைப் போல உப்புநீரை உள்ளுக்குள் உறிஞ்சிக்கொள்ளும். மேலே பிளாஸ்டிக் உறை புதிதுபோல இருக்க, உள்ளே களிம்பு முழக்கணக்கில் பரவியிருக்கும். கறுத்த செம்பில் ஈயம் பிடிக்காது. லக்கை அழுத்திக் கடித்தாலும் களிம்பின் மீதுதான் கடிக்கும். எலக்ட்ரீஷியனே வெட்டிய துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இத வச்சு நான் ஒட்டுப்போட்டா அடுத்த கச்சானுக்குத் திரும்ப வருவீகண்ணே" என்றார். தன் வேலையையே வேண்டாம் என்று சொல்லும் தொழிலாளியின் பேச்சை நம்பலாம் என்பது என் எண்ணம்.

ஒட்டுப்போடுவதே சரியென்று அமையும் வண்டிகளும் உண்டு. பரமக்குடி போல உள்தள்ளிய ஊரில் கொட்டகைக்குள் நின்று, ஆண்டுக்கு இரண்டொரு முறை கடலோரம் வந்துபோகும் டிரெய்லரில் சீவிப் பார்த்த செம்பு சிவப்பாக இருந்தால், முழு ஒயரிங்கையும் மாற்றுவது வீண். அப்போதும் இணைப்பைச் செய்யும் முறையில் விட்டுக்கொடுக்கக் கூடாது. முறுக்கி டேப் சுற்றுவதும், ஒயரை வெட்டாமல் உறையைத் துளைத்துக் கடித்துப் பிடிக்கும் கிளிப்பைப் போடுவதும் இங்கே உப்புநீருக்கு வாசல் திறந்துவிடும் வேலைகள். உள்ளே பசை பூசிய, சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவை இணைப்பின் மீது ஏற்றி, இரு முனைகளிலும் பசை பிதுங்கி வரும்வரை சூடாக்க வேண்டும். ஈயப்பற்று வைப்பதா, லக்கைக் கடிப்பதா என்ற பழைய வழக்கில், ஓடும் வண்டிக்கு நல்ல கருவியால் கடிப்பதே மேல் என்பேன். ஈயம் ஏறிய இடத்தில் ஒயர் விறைத்துப்போய், அதிர்வில் அந்த விறைப்பின் விளிம்பிலேயே முறிகிறது.

மச்சானின் கட்சி மூன்றாவது வழி. படகை நீருக்குள் பின்னிறக்கும் டிரெய்லர்களுக்காக வெளிநாடுகளில் வழக்கமான ஏற்பாடு இது: இரு பக்க விளக்குகளும் எண் பலகையும் ஒரே சட்டத்தில் பொருத்தப்பட்டு, நீண்ட கேபிளும் ஏழு பின் பிளக்கும் சேர்ந்து வரும், பயணம் முடிந்ததும் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடலாம். டிரெய்லரில் நிலையான ஒயரே கிடையாது என்பதால் அரிப்பதற்கும் ஒன்றுமில்லை, எர்த்தும் கேபிளுக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. உப்பை வெல்வதற்கு இதைவிடக் குறுக்கு வழி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெறும் சேசிஸாக இருக்கும் படகு டிரெய்லர் வைத்திருப்பவர் இதையே வாங்கலாம். ஆனால் மக்கள் உறங்கும் பயண டிரெய்லரில் உள்விளக்கு, மின்விசிறி, தண்ணீர் மோட்டார், இவற்றுக்காக டிரெய்லருக்குள் வைத்திருக்கும் 'வீட்டு பேட்டரி'க்குச் சார்ஜ் ஆகியவற்றுக்கு எப்படியும் ஒயர் ஓடியாக வேண்டும். பலகை அந்தப் பாதியைத் தொடுவதில்லை. உயரமான பின்கதவுள்ள டிரெய்லரில் பலகையை எங்கே கட்டினாலும் கதவைத் திறக்கும்போது இடிக்கிறது. இவற்றையெல்லாம்விட, இரவு பத்து மணிக்கு அரியமான் கடற்கரையிலிருந்து கிளம்பும்போது பலகை வீட்டில் இருப்பது நினைவுக்கு வந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. மறதியில் எங்கள் குடும்பத்துக்குப் பெயர் உண்டு.

ஆகவே நாங்கள் புதிதாக இழுத்தோம். இந்த வழியில் செலவும் அதிகம், இரண்டு நாள் வண்டியும் நிற்கும். எனினும் பழைய ஒயரிங்கின் குறைகள் அனைத்தையும் ஒருசேரக் களையும் வாய்ப்பு இதில் மட்டுமே கிடைக்கிறது. முதல் மாற்றம், சேசிஸை எர்த் வழியாகப் பயன்படுத்துவதை அறவே நிறுத்தியது. ஒவ்வொரு விளக்கின் எர்த்தும் தனி ஒயராக முன்பக்கம் உயரத்தில் வைத்த ஜங்ஷன் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் பிளக்கின் 3-ஆம் பின்னுக்குப் போகிறது. பழைய எர்த் ஒயர் 0.75 தான், ஆறு மீட்டர் நீளத்தில் 6 ஆம்பியர் ஓடினால், களிம்பே இல்லாத புது ஒயராக இருந்தாலும் 0.9 வோல்ட் அதிலேயே கரைந்துவிடும், 2.5 ஒயரிலோ 0.3 தான். இரண்டாவது, வெள்ளீய முலாம் பூசிய செம்பு ஒயர். படகுகளுக்கென விற்கும் இந்த வகையில் ஒவ்வோர் இழையும் தனித்தனியே முலாம் பூசப்பட்டிருப்பதால் களிம்பு ஏறுவது வெகுவாகத் தாமதப்படும். சாதாரண ஆட்டோ ஒயரைவிட விலை கூடுதல்தான், ஆனால் கூலியையும் சேர்த்துக் கணக்கிட்டால் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிவதில்லை. மூன்றாவது, ஒவ்வொரு விளக்குக்குள் நுழையும் முன் ஒயரைக் கீழே ஒரு வளையம் தொங்கவிட்டு மேலேற்றியது. ஒயர் வழியே வழியும் நீர் வளையத்தின் அடியில் சொட்டிவிடும், விளக்குக்குள் போகாது. செலவில்லாத இந்த வளையத்தைப் பழைய வேலையில் யாரும் விட்டிருக்கவில்லை.

விளக்குகளையும் முற்றும் அடைக்கப்பட்ட எல்இடியாக மாற்றினோம். ஹோல்டரே இல்லாததால் துருப்பிடிக்க இடமில்லை என்பது ஆதாயம். எல்இடி குறைவாகவே மின்சாரம் இழுப்பதால், டிரெய்லரில் எரியாத இண்டிகேட்டரை வண்டியில் இண்டிகேட்டரை மினுக்கும் பிளாஷர் கண்டுகொள்ளாமல் போகலாம் என்பதும், எர்த் கெட்டுக்கொண்டே வருவதை எல்இடி நீண்ட நாள் மறைத்துவைக்கும் என்பதும் இதன் குறைகள். அதனால் வோல்ட் இழப்பை அளக்கும்போது மட்டும் பழைய 21 வாட் பல்பு ஒன்றை விளக்கின் இணைப்பில் தற்காலிகமாகத் தொங்கவிட்டு அளக்கிறேன்.

இழுக்கும் வண்டியின் பக்கம் ஒரே ஒரு முடிவுதான் எடுக்க வேண்டியிருந்தது. வண்டியின் பின்விளக்கு ஒயரிலேயே நேரடியாகக் கிளை எடுப்பது பழைய ஜீப்புகளுக்குப் பொருந்தும். பல்புகளைக் கணினியே கண்காணிக்கும் புது வண்டிகளில் அந்தக் கூடுதல் சுமை பிழைக்குறியைக் காட்டும், கட்டுப்பாட்டுப் பெட்டியையே கெடுக்கவும் கூடும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்ட தனி ஒயரில் மின்சாரம் எடுத்து, விளக்கு ஒயரிலிருந்து சைகையை மட்டும் வாங்கிக்கொள்ளும் ரிலே பெட்டியை வைப்பதே பாதுகாப்பு.

வீட்டு பேட்டரிக்குச் சார்ஜ் கொடுப்பதிலும் இதே போன்ற தேர்வு உண்டு. ஏழு பின்னில் அதற்கு இடமில்லை. பதின்மூன்று பின் சாக்கெட்டில் 9 நிலையான மின்சாரத்துக்கும் 10 சாவி போட்டால் வரும் மின்சாரத்துக்கும், 13, 11 ஆகியவை அவற்றின் எர்த்துக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. அதற்காக மாற நினைத்து, பின் கெட்டால் மாற்று பிளக் அவசரத்துக்கு ராமநாதபுரத்தில் கைக்குக் கிடைக்காதே என்று விட்டுவிட்டோம். ஏழு பின் பிளக்கை டிராக்டர் சாமான் விற்கும் கடையிலேயே வாங்கலாம். லெட் ஆசிட் பேட்டரி என்றால் தடித்த ஒயரில் ரிலே வைத்து நேரடியாகச் சார்ஜ் செய்யலாம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி கிடைக்கும் மின்னோட்டத்தையெல்லாம் இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடாக்கும் என்பதால் இடையில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் கட்டாயம். நாங்கள் கூரையில் சோலார் பலகையை மட்டும் வைத்து, வண்டியிலிருந்து சார்ஜ் எடுப்பதையே தவிர்த்துவிட்டோம். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இயங்கும் மாவட்டத்தில் வெயிலுக்கு என்ன குறை? பலகையில் படியும் உப்பைத்தான் வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரால் துடைக்க வேண்டியிருக்கிறது.

தங்குமிடத்தில் 230 வோல்ட் இணைப்பு எடுப்பவர்கள் ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. டயரின் மேல் நிற்கும் இரும்புக் கூடு என்பதால், விடுதியின் சாக்கெட்டில் எர்த் இல்லாவிட்டால் உள்ளே ஏற்படும் சிறு கசிவும் டிரெய்லரின் முழுக் கூட்டையும் மின்னேற்றிவிடும்; ஈர மணலில் வெறுங்காலோடு நின்று கதவைத் தொடுபவர் அதை உணர்வார். மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றை டிரெய்லரின் நுழைவிலேயே வைத்து, சேசிஸை இந்த 230 வோல்ட் இணைப்பின் எர்த்தோடு இணைத்து, 12 வோல்ட் ஒயர்களோடு இந்த ஒயர்களை ஒரே குழாயில் ஓட்டாமல் பிரித்துவைக்க வேண்டும். இந்த வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் கொடுப்பதே முறை.

புதிய ஒயரிங் ஒரு கச்சானையும் ஒரு வாடையையும் பார்த்துவிட்டது. வண்டியை நிறுத்தும்போதெல்லாம் பிளக்கைத் துடைத்து, பின்களில் சிலிக்கான் கிரீஸ் தடவி, வாய் கீழ்நோக்கி இருக்குமாறு தொங்கவிட்டு உறை மாட்டுகிறோம். சென்ற வாரம் 21 வாட் பல்பைத் தொங்கவிட்டு இடதுபக்க எர்த்தை அளந்தபோது மீட்டரில் 0.11 வந்தது. வலதுபக்கத்தில் 0.14. அந்தப் பக்கத்து ஸ்லீவ் ஒன்றின் முனையில் பசை பிதுங்காமல் இருந்ததை மச்சான்தான் கண்டுபிடித்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை அதை வெட்டிச் சீவிப் பார்க்கப்போகிறோம்.